கத்திரிக்காய்ப் பீரங்கிப் படை

போன வாரம் எங்கள் கொரட்டூர் ஃப்ளாட்டின் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் ஒழுகியது. பிளம்பர் வந்தார். பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மூடியைத் திருகினாரோ இல்லையோ, அந்த வாசனை வந்துவிட்டது. பிவிசி குழாய் ஒட்டுகிற பசையின் வாசனை. கொஞ்சம் பெட்ரோல், கொஞ்சம் நெயில் பாலிஷ், கொஞ்சம் தலைவலி.

"மேடம், தல சுத்தும். அந்தாண்ட போய் நில்லுங்க" என்றார்.

நான் போகவில்லை. இன்னும் ஒரு எட்டு முன்னால் வைத்து, மல்லிகைப் பூவை முகர்வது போல நன்றாக முகர்ந்தேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். சும்மா இருந்திருக்கலாம். விளக்கம் சொல்ல வேண்டுமே என்று, "நான் முன்னாடி பீரங்கிப் படையில இருந்தவ, அதான்" என்றேன். அவர் உடனே டப்பாவை மூடி, ஜன்னலைத் திறந்து, எனக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அவரிடம் முழுக் கதையையும் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. லேத்தில் கடைந்து வரும் உருளைகளை வெர்னியரில் அளந்து, தேறியதை ஒரு தட்டிலும் தேறாததை இன்னொரு தட்டிலும் போட வேண்டும். எட்டு மணி நேரம் இதைச் செய்தால் மனிதர்களையே இரண்டு தட்டாகப் பிரிக்கத் தோன்றும். அண்ணனூர் ஸ்டேஷனுக்கு அப்பால் லேக் வியூ நகர் என்று ஒரு மனைப்பிரிவு. நாலே நாலு தெரு, நாற்பது வீடு. அங்கேதான் குடியிருந்தோம். மனை விற்றவர் ஏரியைப் பார்த்துக்கொண்டே வாழலாம் என்று சொல்லி விற்றாராம். அவர் பொய் சொல்லவில்லை. வருஷத்தில் ஒன்பது மாதம் நாங்கள் ஏரியைப் பார்த்தோம். மீதி மூன்று மாதம் ஏரி எங்களைப் பார்க்க வந்தது.

எங்கள் நாலு தெருவும் கொஞ்சம் மேட்டில் இருந்தன. எங்களுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே ஏரியின் உபரிநீர் போகும் கால்வாய். அதன் மேல் ஒரு சின்னத் தரைப்பாலம். பாலம் என்றால் நீங்கள் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு சிமெண்ட் குழாயைப் படுக்கப் போட்டு மேலே மண்ணைக் கொட்டியிருந்தார்கள். ஐப்பசி மழை கனத்தால் மண் கரைந்து போய்விடும், குழாய் மட்டும் இருக்கும். இன்னும் இரண்டு நாள் பெய்தால் குழாயும் தெரியாது. சுற்றிலும் தண்ணீர், நடுவில் நாங்கள்.

மனு எழுதிக்கொண்டு போனோம். இந்தப் பக்கத்து ஆபீசில் படத்தை விரித்துப் பார்த்துவிட்டு, "இது எங்க எல்லையில வரலைங்க, அந்தப் பக்கம்" என்றார்கள். அந்தப் பக்கத்து ஆபீசிலும் அதே படத்தை விரித்துப் பார்த்தார்கள். "எங்களுது இல்லைங்க, இந்தப் பக்கம்." இரண்டு பேரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். காபி வேண்டுமா என்றுகூடக் கேட்டார்கள்.

அன்று சாயங்காலம் மல்லிகா அக்கா வீட்டு மொட்டை மாடியில் எல்லோரும் வாட்டமாக உட்கார்ந்திருந்தோம். மல்லிகா அக்கா நாலு தெருவுக்கும் இட்லி மாவு அரைத்து விற்பவர். லேக் வியூவில் மாடி கட்டிய வீடு அவருடையது மட்டுமே என்பதால், பொதுப் பேச்செல்லாம் அங்கேதான். அப்போது எத்திராஜ் சார் எழுந்து நின்றார்.

எத்திராஜ் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால் "டிஃபென்ஸ்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வார். முறுக்கிய மீசை. முதுகு வளையாத நடை. சித்திரை வெயிலிலும் கழற்றாத பச்சை ஸ்வெட்டர். எந்தப் பிரிவில் இருந்தீர்கள் என்று கேட்கும் துணிவு எங்களில் யாருக்கும் வந்ததில்லை.

"இந்தாண்டயும் இல்ல, அந்தாண்டயும் இல்லன்னா இன்னா அர்த்தம்?" என்று கேட்டார். "நாம தனி நாடு. அதான் அர்த்தம்."

கைதட்டினோம். மழைக்காலத்தில் கரண்ட் இல்லாத ஊரில் இதைவிட நல்ல பொழுதுபோக்கு எங்கே கிடைக்கும்? அரை மணி நேரத்தில் லேக் வியூ தீவுக் குடியரசு பிறந்தது. மாடி இருந்ததால் மல்லிகா அக்கா ஜனாதிபதி. தேசியக் கொடி, பிளம்பர் டில்லிபாபுவின் ஆரஞ்சு நிற மழைக்கோட்டு. தேசியப் பறவைக்கு மட்டும் போட்டி நடந்தது. கொக்கு என்றார்கள் சிலர். எண்ணிக்கையில் கொசுவே அதிகம் என்று மற்றவர்கள் வாதாடி ஜெயித்தார்கள். கொசு பறவை இல்லையே என்று நான் சொன்னேன். "நீ வேலைக்குப் போற பொண்ணு, எல்லாத்துலயும் குத்தம் கண்டுபுடிப்ப" என்றார் ஜனாதிபதி.

டில்லிபாபுவை நாங்கள் டில்லி அண்ணா என்போம். அவர் பெயரில் எங்களுக்குத் தனிப் பெருமை. மற்ற நாட்டுக்காரர்கள் தலைநகரத்துக்குப் போய் வர வேண்டும். எங்களுக்கு டில்லியே மூன்றாவது தெருவில், நீல கேட் போட்ட வீட்டில் இருந்தது.

நாடு என்றால் படை வேண்டும். முதலில் கப்பற்படைதான் தொடங்கினோம். வாழைத் தண்டுகளைக் கட்டி ஒரு தெப்பம் செய்து, தேங்காய் உடைத்து, தண்ணீரில் இறக்கினோம். ஏறி நின்ற டில்லி அண்ணாவோடு அது நிதானமாக, எந்த அவசரமும் காட்டாமல் முழுகியது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி அவர் சல்யூட் அடித்தார். கப்பற்படை அதோடு முடிந்தது. விமானப்படைக்குக் காற்றாடி இருந்தது, காற்றில்லை. மிச்சம் இருந்தது பீரங்கிப் படை.

அதற்குப் பொருள் எல்லாம் டில்லி அண்ணா வீட்டிலேயே கிடைத்தது. ஏதோ பட்டறையில் கழித்துப் போட்ட ஒரு சின்ன இரும்புக் காற்று டாங்க். அதன் ஒரு பக்கம் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப். மறுபக்கம் நீளமான கைப்பிடி வைத்த வால்வு. வால்வுக்கு முன்னால் பத்தடி நீளத்துக்கு இரண்டரை அங்குல பிவிசி குழாய். யாரோ எங்கள் தெருமுனையில் விட்டுவிட்டுப் போன, சோளக்கதிர் விற்கும் தள்ளுவண்டி மேல் அதைக் கட்டினோம். குழாய்களை ஒட்டிய அன்று நாலு தெருவிலும் அந்தப் பசை வாசனை. எங்கள் அம்மா இரண்டு தடவை தும்மிவிட்டு, "பொண்ணு பாக்க வர்றவங்க கேட்டா என் பொண்ணு பீரங்கி ஓட்டறான்னு சொல்லவா?" என்று கேட்டார். பீரங்கியை ஓட்ட மாட்டார்கள், சுடுவார்கள் என்று திருத்தினேன். அதற்கும் திட்டினார்.

எத்திராஜ் சார்தான் தளபதி, சந்தேகமென்ன. டில்லி அண்ணா தலைமைப் பொறியாளர். எனக்கு என் தொழிலையே கொடுத்தார்கள்: குண்டுகளின் தரக்கட்டுப்பாடு. குண்டு என்றால் கத்திரிக்காய். ஒல்லியாக இருந்தால் பக்கவாட்டில் காற்று போய்விடும். தடித்திருந்தால் குழாயில் நுழையாது. குழாயில் ஒரு துண்டு வெட்டி வளையமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு கத்திரிக்காயையும் அதில் விட்டுப் பார்ப்பேன். தேறியது பீரங்கிக்கு, தேறாதது சாம்பாருக்கு. அம்பத்தூரில் எட்டு மணி நேரம் செய்த அதே வேலைதான். ஆனால் இங்கே மட்டும் ஏனோ அலுக்கவே இல்லை.

முதல் குண்டு வெடித்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாற்பது வீட்டுச் சனமும் நாலாவது தெருவின் கோடியில், தண்ணீரோரம் நின்றது. டில்லி அண்ணா பம்ப் அடிக்க, எல்லோரும் சேர்ந்து எண்ணினோம். நூறு வந்ததும் எத்திராஜ் சார் மீசையைத் தடவிக்கொண்டு கையை உயர்த்தினார்.

"பயர்!"

டில்லி அண்ணா கைப்பிடியைத் திருப்பினார். பீரங்கி பெருமூச்சு விட்டது. "புஸ்" என்று ஒரு சத்தம். குழாயின் வாயிலிருந்து கத்திரிக்காய் எட்டிப் பார்த்து, யோசித்து, கீழே விழுந்து, உருண்டு, ஜனாதிபதியின் காலடியில் நின்றது.

"சரணடைஞ்சிடுச்சி" என்றார் மல்லிகா அக்கா.

வால்வை மெதுவாகத் திருப்பியதுதான் தவறு. இரண்டாவது முறை வெடுக்கென்று திருப்பினார். இந்த முறை "டொப்" என்ற சத்தத்தில் தேசியப் பறவைகள் மொத்தமும் ஒரு கணம் கலைந்தன. கத்திரிக்காய் மழை வானத்தில் ஊதாப் புள்ளியாகி, கால்வாயைத் தாண்டி, மெயின் ரோட்டைத் தாண்டி, எதிர்க்கரையில் இருந்த முனுசாமியின் டீக்கடைத் தகரக் கூரையில் போய் விழுந்தது. சிதறித்தான் போயிருக்க வேண்டும். எங்கள் முதல் சர்வதேசச் சிக்கல். முனுசாமி வெளியே வந்தார், கூரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வாயில் கையைக் குவித்துக்கொண்டு கத்தினார்.

"யோவ், கத்திரிக்கா வந்திச்சி! எண்ண எப்ப வரும்?"

அன்றிலிருந்து முனுசாமி எங்கள் நட்பு நாடு. அவர் கடைக்குப் பக்கத்தில் எரியாத ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. ஞாயிறுதோறும் அதுதான் எங்கள் இலக்கு. இரண்டு மழைக்காலத்தில் ஒரே ஒரு தடவை அதில் பட்டது. அதுவும் நாங்கள் வேறு எதையோ குறிவைத்தபோது.

பட்டதும் முனுசாமி அந்தக் கம்பத்துக்கு ஒரு மாலை போட்டார். பேச்சு எங்கோ போகிறது, விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்றாவது வருஷ மழை விளையாட்டாக இல்லை. நாலு நாள் விடாமல் கொட்டியது. கரண்ட் போனது. கால்வாய் கரை புரண்டு, நூற்றைம்பது அடி அகலத்துக்குச் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. டில்லி அண்ணா நீந்தப் பார்த்தார். இருபது அடி போவதற்குள் தண்ணீர் அவரை இழுத்துக்கொண்டு போய் ஒரு கருவேலம் புதரில் மாட்டிவிட்டது. முள்ளை எடுக்க அவர் மனைவிக்கு அரை நாள் ஆயிற்று. வெள்ள உதவி எண்ணுக்குப் போன் செய்து படகு கேட்டோம். எங்களைவிட மோசமான இடங்கள் நிறைய இருக்கின்றன, நாளைக்குத்தான் வர முடியும் என்றார்கள். நியாயம்தான். எங்களுக்கு அரிசி இருந்தது, மாவு இருந்தது. ஒரு நாள் தாங்காதா?

தளபதி மட்டும் தண்ணீரோரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். ஆனால் அன்று அவர் நடவடிக்கை சரியில்லை. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை எழுந்து சந்துக்குப் போய்வந்தார். நான் போய் உற்சாகப்படுத்தலாம் என்று, "கமாண்டர் சார், ஒரு குண்டு போடலாமா?" என்றேன். கையை உயர்த்தினார். பிறகு என்னைப் பார்த்து, தெளிவான குரலில், "ரெண்டாவது பந்தி, உக்காரலாம்" என்றார்.

நான் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது, அவர் ஜோக் அடிக்கிறார் என்று நினைத்துச் சத்தமாகச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கண் செருகிக்கொண்டு போயிற்று.

அவர் மனைவி சகுந்தலா ஆன்ட்டியை ஓடிப்போய் கூப்பிட்டேன். ஆன்ட்டி வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தார். "இன்சுலின் தீந்து ரெண்டு நாளாச்சிம்மா. சொல்லக் கூடாதுன்னு என் வாயக் கட்டிட்டாரு. தளபதியே ஒடம்பு முடியலன்னா படை கலங்கிடுமாம்."

படையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்.

யாரிடமும் வேறு இன்சுலின் இல்லை. என் போனில் மட்டும் ஒரு கோடு சார்ஜ் மிச்சமிருந்தது. முனுசாமியைக் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டதும், "சீட்ட போட்டோ புட்சி அனுப்பு தங்கச்சி, பத்து நிமிசத்துல வாங்கியாறேன். ஆனா அந்தாண்ட எப்டி வரும்?" என்று கேட்டார். டாக்டர் சீட்டைப் படம் எடுத்து அனுப்பியதும் போன் அணைந்தது.

எப்படி வரும்? நானும் டில்லி அண்ணாவும் தண்ணீரைப் பார்த்தோம். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி, தார்ப்பாய் போர்த்தியிருந்த தள்ளுவண்டியைப் பார்த்தோம்.

டில்லி அண்ணாவிடம் ஏரியில் மீன் பிடிக்கும் தூண்டில் நரம்பு ஒரு கட்டு இருந்தது. போர்வெல் மோட்டார் இறக்கும் நைலான் கயிறு இரண்டு சுருள் இருந்தது. நரம்பைக் கத்திரிக்காயில் கட்டிச் சுட வேண்டும். முனுசாமி நரம்பை இழுத்தால் அதன் வாலில் கயிறு போகும். கயிற்றின் வாலில் மல்லிகா அக்காவின் மூடி போட்ட மாவு வாளி மிதந்து போகும். அந்த வாளியில் இன்னொரு கயிறும் கட்டியிருக்கும். அதன் நுனி எங்கள் கையில். மருந்தைப் போட்டு மூடினதும் நாங்கள் இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். திட்டம் அவ்வளவுதான். சொல்லும்போது சுலபம்.

தளபதியை நாற்காலியோடு தூக்கி வந்து பக்கத்து வீட்டு ஷெட்டில் உட்கார வைத்தோம். முதல் குண்டைச் சுட்டோம். கத்திரிக்காய் போனது, நரம்பு போகவில்லை. வெடித்த வேகத்தில் காய் இரண்டாகக் கிழிந்து, காம்பு மட்டும் நரம்போடு எங்கள் காலடியில் கிடந்தது. இரண்டாவது குண்டு உருளைக்கிழங்கு. அது குழாய்க்குள்ளேயே மசியலாகி, சுற்றி நின்ற எல்லோர் முகத்திலும் தெளித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டே டில்லி அண்ணா, "உப்பு கம்மியா கீது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவருக்கே சிரிப்பு வரவில்லை என்பது குரலில் தெரிந்தது. எதிர்க்கரையில் முனுசாமி ஒரு பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். மருந்து வந்துவிட்டது. நூற்றைம்பது அடி தூரத்தில், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்.

"முள்ளங்கி?" என்றார் மல்லிகா அக்கா.

"ஒடஞ்சிடும்."

"வெங்காயம்?"

"உரிஞ்சிடும்க்கா."

ஷெட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "வாழக்கா."

எத்திராஜ் சார் கண்ணைத் திறக்காமலே பேசினார். நான் போய் அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். "மொந்தன் வாழக்காம்மா. தோல் சீவாத. நாரு இருக்கும், நசுங்காது. கோணி ஊசியால நீளவாட்டுல கோத்து, பின்னால ஒரு குச்சிய குறுக்க வெச்சிக் கட்டு. ஈரத்துணி ஒரு சுத்து."

"சார், இதெல்லாம் ஆர்ட்டிலரில சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டேன். சத்தியமாகக் கிண்டலுக்குக் கேட்கவில்லை.

அவர் கண்ணைத் திறந்தார். சகுந்தலா ஆன்ட்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் கேன்டீன்மா" என்றார். "முப்பது வருசம். தெனம் மூணு மூட்ட வாழக்கா நறுக்குனவன். டாங்கிய தூரத்துல இருந்து பாத்திருக்கேன்."

எழுந்து நின்று சல்யூட் அடித்தேன். அது சரியான சல்யூட் கூட இல்லை. இடது கையால் அடித்துவிட்டேன்.

இரண்டாவது தெருவில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் மொந்தன் மரம் சாய்ந்து கிடந்தது. ஒரு தாரையே கொண்டு வந்துவிட்டார்கள். என் வளையத்தில் விட்டுப் பார்த்துப் பன்னிரண்டில் மூன்றைத் தேர்ந்தெடுத்தேன். கம்பெனியில் ஒரு உருளை தவறாகப் போனால் மேனேஜர் திட்டுவார், அவ்வளவுதான். நரம்பு சிக்காமல் போக வேண்டுமே என்று டில்லி அண்ணா கவலைப்பட்டபோது மல்லிகா அக்கா நரம்புக் கட்டைப் பிடுங்கிக்கொண்டார். ஒரு பெரிய தாம்பாளத்தில் ஜிலேபி பிழிவது போல வட்டம் வட்டமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், கால் மணி நேரம் பொறுமையாகச் சுற்றி வைத்தார். அவ்வளவு நேரம் ஒரு ஜனாதிபதி பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

பம்ப் அடித்தோம். இந்த முறை நூற்றைம்பது. யாரும் சத்தமாக எண்ணவில்லை, உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு எல்லோரும் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தோம். கட்டளை அவரிடமிருந்துதான் வர வேண்டும் என்று யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. எத்திராஜ் சாரின் கையை சகுந்தலா ஆன்ட்டி பிடித்துத் தூக்கினார்.

"பயர்" என்றார் ஆன்ட்டி. சாருக்குப் பேசத் தெம்பில்லை.

டொப்! வாழைக்காய் சுழன்றுகொண்டே போனது. தாம்பாளத்தில் இருந்த ஜிலேபி வட்டம் வட்டமாகக் காணாமல் போயிற்று. காய் கால்வாயின் நடுவைத் தாண்டி, கரையைத் தாண்டி, டீக்கடை பெஞ்சுக்கு அருகில் சேற்றில் சொருகி நின்றது. முனுசாமி பாய்ந்து அதன் மேல் விழுந்தார். விழுந்தபடியே கத்தினார்.

"புட்சிட்டேன் மாமே! வாயக்கா புட்சிட்டேன்!"

அப்புறம் நடந்ததெல்லாம் இழுப்புதான். நரம்பின் பின்னால் கயிறு போனது, கயிற்றின் பின்னால் வாளி ஆடி ஆடிப் போனது. திரும்பி வரும்போது ஒரு முறை செடி கொடியில் மாட்டி நின்றுவிட்டது. இருபது பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இழுக்கவும் பயந்து, விடவும் பயந்து நின்றோம். டில்லி அண்ணா கயிற்றை மெல்ல மெல்ல சுண்டினார். வாளி தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டது. திறந்தோம். மீன்காரரிடம் வாங்கிய ஐஸ்கட்டிகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் பையில் சுற்றிய இன்சுலின், ஊசிகள். கூடவே பேப்பரில் மடித்த ஒரு பொட்டலம். பிரித்தால் ஆறு வாழைக்காய் பஜ்ஜி. சூடு ஆறவில்லை. ஐஸுக்குப் பக்கத்தில் எப்படி ஆறாமல் இருந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஊசி போட்டது சகுந்தலா ஆன்ட்டி. இரண்டு மணி நேரத்துக்கு ஷெட்டை விட்டு யாரும் நகரவில்லை. கடைசியில் எத்திராஜ் சார் கண்ணைத் திறந்து எல்லோரையும் பார்த்தார். பஜ்ஜிப் பொட்டலத்தைப் பார்த்தார். ஒன்றை எடுத்து முகர்ந்தார்.

"சோடா உப்பு ஜாஸ்தி. எண்ண காயறதுக்குள்ள போட்டுட்டான்" என்றார்.

அப்போது சிரித்தோம் பாருங்கள், நாலு நாளாகச் சேர்த்து வைத்த சிரிப்பு. மல்லிகா அக்கா சிரித்துக்கொண்டே அழுதார். டில்லி அண்ணா முள் குத்திய இடமெல்லாம் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார்.

மறுநாள் படகு வந்தது. தளபதி முதலில் ஏற மறுத்தார். ஜனாதிபதி எழுத்துமூலம் உத்தரவு போட்ட பிறகே ஏறினார். மருத்துவமனையில் மூன்று நாள் இருந்துவிட்டு நன்றாகத் திரும்பி வந்தார். படகோடு வந்திருந்த போலீஸ்காரர் எங்கள் பீரங்கியைச் சுற்றி வந்து, "இன்னாது இது?" என்று கேட்டார். டில்லி அண்ணா உள்ளதைச் சொன்னார். போலீஸ்காரர் குனிந்து குழாய்க்குள் பார்த்தார். "நான் ஒண்ணு போட்டுப் பாக்கலாமா?" என்றார். போட்டார். தொப்பி கழன்று விழச் சிரித்தார். நோட்டில் என்ன எழுதிக்கொண்டார் என்று எட்டிப் பார்த்தேன். 'பழைய தண்ணீர்க் குழாய் ஒன்று' என்று இருந்தது.

கேன்டீன் விஷயத்தை யாரும் வெளியே பேசவில்லை. அவரே பேச ஆரம்பித்துவிட்டார். அதுவரை "டிஃபென்ஸ்" என்ற ஒரு வார்த்தையோடு நின்ற மனிதர், ஆயிரம் பேருக்கு உப்புமா கிண்டிய கதை, அதிகாரி ஒருவர் ரகசியமாக இரண்டாவது வடை கேட்ட கதை என்று அவிழ்த்துவிட்டார். அதில் எத்தனை நிஜமோ, தெரியாது. பச்சை ஸ்வெட்டரை மட்டும் கழற்றவில்லை.

அந்த வெள்ளத்தைப் பற்றி யார் யாரிடம் சொன்னார்களோ, அடுத்த கோடையில் இரண்டு ஆபீசிலிருந்தும் ஆள் வந்தார்கள். அதே படத்தை விரித்து, இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு கோடு போட்டார்கள். கால்வாயை அகலப்படுத்தி, கான்கிரீட்டில் உயரமான பாலம் ஒன்று கட்டினார்கள். நல்ல பாலம். நானே போய் ஓரச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். தேறிய தட்டில் போடலாம்.

அந்த வருஷம் ஐப்பசியில் முதல் பெருமழை ராத்திரி முழுக்கப் பெய்தது. விடிந்ததும், யாரும் கூப்பிடாமலே, நாலாவது தெருக் கோடிக்கு வந்துவிட்டோம். டில்லி அண்ணா பம்பை எடுத்து வந்திருந்தார். நான் ஒரு கூடை கத்திரிக்காய், எல்லாம் அளந்தது. மல்லிகா அக்கா தாம்பாளம். எத்திராஜ் சார் ஸ்வெட்டரின் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, எங்களுக்கு முன்னால் நின்றிருந்தார்.

தண்ணீர் பாலத்துக்கு அடியில் ஒழுங்காக, சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ரோடு நனைந்திருந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் பால் வண்டி பாலத்தின் மேல் ஏறி, எங்களைப் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே போனது. பின்னாலேயே ஒரு ஸ்கூல் வேன். அதன் பின்னால், எங்கள் தெருவில் முன்பு பார்த்தே இராத ஒருவர் காரில் வந்து, கண்ணாடியை இறக்கி, "இங்க பிளாட் எதாவது வெலைக்கி வருதா?" என்று கேட்டார்.

எத்தனை மனு எழுதினோம், எத்தனை நாள் நடந்தோம் இந்தப் பாலத்துக்காக! ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது. டில்லி அண்ணா காலால் சேற்றைக் கிளறிக்கொண்டு நின்றார்.

"ஒரு குண்டு போடாம நாட்ட புட்சிட்டானுங்களே" என்றார் எத்திராஜ் சார், மெதுவாக. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். முதுகை நிமிர்த்திக்கொண்டார். எங்கள் ஒவ்வொருவரையும் ஒரு தடவை பார்த்தார்.

"படை கலையலாம்."

கலைந்தோம். மல்லிகா அக்காவுக்கு மாவு கொடுக்க வேண்டியிருந்தது. டில்லி அண்ணாவுக்குத் திருமுல்லைவாயலில் ஒரு வேலை. நான் கத்திரிக்காய்க் கூடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, செருப்பு நனையாமல் ஸ்டேஷனுக்கு நடந்து, வழக்கமான லோக்கலைப் பிடித்தேன். கம்பெனிக்கு ஒரு நிமிஷம்கூட லேட்டாகவில்லை.